காற்றடிக்கும் தோட்டத்தில் நிலைத்து நிற்கும் நிழற்பந்தல்

காற்று பலமாக வீசும் தோட்டத்தில் ஒரு பந்தல் பழுதானால், அது பக்கவாட்டில் சாய்ந்திருப்பதைவிட மேலே தூக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். நான்கு பக்கமும் திறந்திருக்கும் கூரையின் அடியில் புகும் காற்று அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதே வேளையில் கூரையின் மேற்பரப்பை ஒட்டி விரையும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து அதை மேலே உறிஞ்சுகிறது. கீழிருந்து தள்ளும் விசையும் மேலிருந்து இழுக்கும் விசையும் ஒன்று சேரும்போது, பந்தலின் சொந்த எடை அவற்றுக்கு முன் அற்பமாகிவிடுகிறது. என் தோட்டத்துக்கு நிழற்பந்தல் தேடத் தொடங்கியபோது விற்பவர்கள் துணியின் நிறத்தையும் நிழல் விழுக்காட்டையும் விரிவாகச் சொன்னார்கள். அதைத் தரையோடு எப்படிப் பிடித்துவைப்பது என்று கேட்டால்தான் பேச்சு சுருங்கியது. நிலைத்து நிற்கும் பந்தல் வேண்டுமென்றால் தேர்வைத் தரையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும், கூரைத் துணியைக் கடைசியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, அதை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் 0.613ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரில் காற்று செலுத்தும் அழுத்தம் நியூட்டன் கணக்கில் கிடைக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 10 மீட்டரில், இது சுமார் 61 நியூட்டன். ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமம். மணிக்கு 72 கிலோமீட்டரில் அது 25 கிலோவாகிறது. 108 கிலோமீட்டரில் 56 கிலோவாகிறது. வேகம் மும்மடங்கானபோது விசை ஒன்பது மடங்காகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். அன்றாடக் காற்றில் அசையாமல் நிற்கும் பந்தலைப் பார்த்து, இது புயற்காற்றையும் ஓரளவு தாங்கும் என்று நம்புவது இதனால்தான் தவறாகப் போகிறது. 3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சாதாரணப் பந்தலின் கூரைப் பரப்பு 12 சதுர மீட்டர். மணிக்கு 108 கிலோமீட்டர் காற்றில் அதன்மீது 670 கிலோவுக்கு மேற்பட்ட விசை செயல்படலாம். கூரையின் சாய்வையும் வடிவத்தையும் பொறுத்து இது கூடும் அல்லது குறையும் என்றாலும், முதல் மதிப்பீட்டுக்கு இது போதும். நான்கு தூண்கள் இருந்தால் தூண் ஒன்றுக்கு 170 கிலோ மேல்நோக்கி இழுக்கப்படும்.

இப்போது அஸ்திவாரத்துக்கு வருவோம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2400 கிலோ. 30 சென்டிமீட்டர் விட்டமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழியை நிரப்பினால் 100 கிலோ அளவுக்குத்தான் எடை கிடைக்கும். மேலே சொன்ன 170 கிலோவுக்கு அது போதாது. 45 சென்டிமீட்டர் சதுரத்தில் 75 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டி நிரப்பினால் 360 கிலோவைத் தாண்டுகிறது. குழியின் அடிப்பகுதியை மேற்பகுதியைவிடச் சற்று அகலமாகத் தோண்டினால், கான்கிரீட் மேலெழும்போது சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும் என்பதால் பிடிமானம் இன்னும் கூடுகிறது. இறுகிய மண்ணின் உராய்வும் உதவும்தான். ஆனால் மணற்பாங்கான மண்ணிலும் மழையில் ஊறிய களிமண்ணிலும் அதை நம்ப முடியாது என்பதால், கான்கிரீட்டின் எடை மட்டுமே மேலிழுப்பைச் சமாளிக்க வேண்டும் என்று கணக்கிடுவதே பாதுகாப்பானது. தரையில் ஏற்கெனவே கல்லோ டைல்ஸோ பதித்திருந்தால், அதன்மீதே தூணின் அடித்தகட்டை வைத்து போல்ட் முடுக்கிவிடலாம் என்று சொல்வார்கள். அந்த போல்ட் பிடித்திருப்பது 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு தனிக் கல்லை மட்டுமே. பந்தல் எழும்பினால் கல்லும் கூடவே எழும்பும். தோண்டுவதற்கு முன் மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

அடுத்து, உங்கள் தோட்டத்தில் வீசும் காற்று எப்படிப்பட்டது என்பது தெரிய வேண்டும். வானிலை அறிக்கையில் வரும் வேகம் பொதுவாகத் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளந்து, 10 நிமிடத்துக்குச் சராசரி கண்டது. ஆனால் பந்தலை முறிப்பது சில வினாடிகளே நீடிக்கும் வீச்சு. அந்த வீச்சு சராசரியைப்போல ஒன்றரை மடங்கு இருப்பது சாதாரணம். மேலும், வீட்டின் மூலையைச் சுற்றி வளையும் காற்று அந்த இடத்தில் வேகம் பிடிக்கிறது. இரண்டு கட்டடங்களுக்கு இடையே உள்ள சந்துக்குள் புகும் காற்றும் அப்படியே. ஒரே தோட்டத்தில் நாலடி தள்ளி நின்றால் காற்று வேறாக இருப்பதற்கு இதுதான் காரணம். பந்தல் வரவிருந்த இடத்தின் மூலைகளில் கழிகளை நட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு உயரங்களில் துணி நாடா கட்டிவைத்துப் பார்த்தேன். வீட்டு மூலையை ஒட்டிய கழியில் இருந்த நாடாக்கள் மற்றவை தொங்கிக்கொண்டிருக்கும்போதே கிடையாக நீட்டி நின்றன; அத்துடன் அடிக்கடி திசை மாறிச் சுழன்றன. பந்தலை அந்த மூலையிலிருந்து விலக்கி அமைத்தது எந்தச் செலவுமில்லாமல் கிடைத்த பலம்.

வேகத்தை அளக்கக் கருவி இல்லாதவர்களுக்கு, 1805ஆம் ஆண்டு பிரான்சிஸ் போஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. சிறு மரங்கள் ஆடத் தொடங்கினால் அது ஐந்தாம் நிலை, மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர். பெரிய கிளைகள் அசைந்து, கையில் பிடித்த குடையைச் சமாளிப்பது கடினமானால் ஆறாம் நிலை, 39 முதல் 49 வரை. மரம் முழுவதும் ஆடி, காற்றை எதிர்த்து நடப்பது சிரமமானால் ஏழு, 50 முதல் 61 வரை. சிறு கிளைகள் ஒடிந்து விழுந்தால் எட்டு. ஆறாம் நிலை அடிக்கடி வரும் தோட்டத்தைக் காற்றுத் தோட்டம் என்றே நான் கணக்கில் கொள்வேன்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு ஒவ்வொரு வகைப் பந்தலிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பலமான காற்று வரும்போது இந்தக் கூரை என்ன செய்யும்? காற்றை ஊடே விடுமா, சில நிமிடங்களில் கழற்றிவிட முடியுமா, அல்லது கடைசிவரை எதிர்த்து நிற்குமா?

தோட்டக் குடைகளையும் மடக்குக் கூடாரங்களையும் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு மதிய நேரத்துக்கு விரித்து, எழுந்து போகும்போது மடக்கிவிடுபவர்களுக்கு அவை நல்லவை. ஒரு பக்கத் தூணிலிருந்து கை நீட்டித் தொங்கும் குடை மட்டும் காற்றுத் தோட்டத்துக்கு எந்த வகையிலும் ஏற்றதல்ல. முழுச் சுமையும் ஒரே மூட்டில் முறுக்காக விழுகிறது. சுவரில் பொருத்திச் சுருட்டி விரிக்கும் துணிக்கூரைகள் இவற்றைவிட மேலானவை, ஆனால் அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. ஐரோப்பியத் தர நிர்ணயமான ஈ.என். 13561 அவற்றைக் காற்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. அதில் மூன்றாம் வகுப்பே மணிக்கு 49 கிலோமீட்டர் வரைக்கும்தான், அதாவது போஃபோர்ட்டின் ஆறாம் நிலையோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் காற்று வந்தால் சுருட்டிவிட வேண்டும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் காற்று எழுந்தால் என்ன செய்வது என்பதற்கு விடை வைத்திருப்பவர்கள் மட்டுமே அதை வாங்கலாம். காற்று உணரி வைத்துத் தானே சுருளும்படி செய்வதும் ஒரு விடைதான்.

இழுத்துக் கட்டும் பாய் வகை நிழல்துணிகள் இப்போது பரவலாகிவிட்டன. அவற்றை நான் நெடுநேரம் யோசித்துப் பார்த்ததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சரியாக அமைத்தால் அவை காற்றுக்கு மிகவும் ஏற்றவை. தவறாக அமைத்தால் அவற்றைப்போல் விரைவில் கெடுவது வேறில்லை. நான்கு மூலைகளையும் ஒரே உயரத்தில் கட்டிய துணி, எவ்வளவு இழுத்தாலும் நடுவில் தளர்ந்து, காற்றில் மேலும் கீழும் படபடக்கும். எதிரெதிர் மூலைகள் இரண்டை உயரத்திலும் மற்ற இரண்டைத் தாழ்விலும் கட்டினால் துணி சேணம்போல் இருதிசையில் வளைகிறது. ஒரு திசை இழைகள் கீழ்நோக்கியும் மறுதிசை இழைகள் மேல்நோக்கியும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால், காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் அதை எதிர்க்கும் இழைகள் ஏற்கெனவே விறைப்பாக இருக்கின்றன. துணியின் ஓரங்களும் நேர்க்கோட்டில் இல்லாமல் உள்நோக்கி வளைந்திருக்க வேண்டும்; நேரான ஓரத்தை விறைப்பாக இழுக்கவே முடியாது, அந்த ஓரம்தான் முதலில் கிழியும்.

இந்த விறைப்பு முழுவதும் தூண்களின் தலையில் போய்ச் சேர்கிறது என்பதை வாங்குபவர்கள் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. 3 மீட்டர் உயரத்தில் ஒரு மூலை 200 கிலோ விசையுடன் இழுத்தால், தரைமட்டத்தில் அந்தத் தூணை வளைக்க முயலும் திருப்புவிசை 600 கிலோ-மீட்டர். மெல்லிய குழாய் இதில் கண்ணெதிரே வளையும். தூணை இழுப்புக்கு எதிர்த்திசையில் சற்றுச் சாய்த்து நடுவதும், குழியை இன்னும் ஆழமாக எடுப்பதும் இதற்காகத்தான். கூரை ஓரத்துப் பலகையிலோ மழைநீர்க் குழாயிலோ மூலையைக் கட்டுவது கூடவே கூடாது. சுவரில் கட்டுவதென்றால் அந்தச் சுவர் இந்த இழுப்பைத் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மூலை ஒவ்வொன்றிலும் திருகி முடுக்கும் டர்ன்பக்கிள் இருந்தால், துணி நாளடைவில் நெகிழும்போது மீண்டும் விறைக்கலாம்.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பின்னல் முறையில் செய்த பாலிஎத்திலீன் வலையை நடுவில் வெட்டினாலும் இழை பிரிந்து ஓடாது. நெய்த வலையில் ஒரு இழை அறுந்தால் அந்த வரிசையே உருவிக்கொண்டு வரும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மம் கலந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். கறுப்பு நிறத்துக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. அந்த நிறத்தைத் தரும் கார்பன் கரியே புற ஊதாக் கதிரை உறிஞ்சி இழையைக் காக்கிறது. பலரும் கவனிக்காதது தையல் நூல். துணி பல ஆண்டுகள் நன்றாக இருக்கும், ஆனால் சாதாரண பாலியெஸ்டர் நூல் வெயிலில் நைந்து, மூலை வளையத்தைச் சுற்றியுள்ள தையல் முதலில் விட்டுப்போகும். பழைய நிழல்துணி ஒன்றின் மூலையை நகத்தால் கீறிப் பார்த்தபோது, துணி உறுதியாக இருக்க, நூல் மட்டும் பொடியாக உதிர்ந்ததைக் கண்டிருக்கிறேன். பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) நூலால் தைத்தவை விலை கூடுதலானவை என்றாலும் வெயில் அந்த நூலைக் கெடுப்பதில்லை. நிழல் விழுக்காட்டைப் பொறுத்தவரை, செடிகளுக்கு 50 விழுக்காடே பெரும்பாலும் போதும், மனிதர்கள் உட்கார 75க்கு மேல் வேண்டியிருக்கும். 90 விழுக்காட்டு வலையில் காற்று சிறிதளவே கசியும் என்பதால், விசையைக் கணக்கிடும்போது அதை ஓட்டையற்ற கூரையாகவே கொள்ள வேண்டும். மழை புகாத பூச்சுத் துணி வேண்டும் என்று கேட்பவர்கள், தேங்கும் நீரின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சதுர மீட்டர் பள்ளத்தில் 5 சென்டிமீட்டர் நீர் நின்றால் 50 கிலோ.

சட்டங்கள் வைத்த திறந்த பந்தல், அதாவது தூண்களின்மேல் உத்திரமும் அதன்மேல் இடைவெளிவிட்டு அடுக்கிய சட்டங்களும் கொண்டது, காற்றைத் தன் ஊடே விட்டுவிடுகிறது. அதன் நிழல் சட்டங்களின் ஆழத்தையும் இடைவெளியையும் பொறுத்தது. 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள சட்டங்களை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால், சட்டங்களுக்குக் குறுக்கே 45 பாகைக்குக் கீழே சாய்ந்து வரும் வெயில் முற்றிலும் தடைபடும். உச்சியிலிருந்து வரும் வெயில் இடைவெளி வழியே இறங்கிவிடும். காலை மாலை வெயிலைத் தடுக்கச் சட்டங்கள் வடக்குத் தெற்காக ஓட வேண்டும். நண்பகல் வெயிலும் சாய்ந்தே விழும் பகுதிகளில் கிழக்கு மேற்காக வைப்பதே பொருத்தம். கொடி படரவிடுவது அழகுதான். ஆனால் இலை அடர்ந்த கொடி சட்டத்தின் இடைவெளியை அடைத்துக் காற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும், மழையில் நனைந்தால் எடை கூடும் என்பதையும் தூணின் கணக்கில் முன்பே சேர்க்க வேண்டும்.

தகரம், பாலிகார்பனேட் போன்ற ஓட்டையற்ற கூரையைத் தேர்ந்தெடுப்பவர்கள் மேலிழுப்பு விசை முழுவதையும் எதிர்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். உறிஞ்சல் ஓரங்களிலும் மூலைகளிலும் மிக அதிகம்; அங்கே திருகுகளை நெருக்கமாகப் போட வேண்டும். பாலிகார்பனேட் வெப்பத்தில் நீளும். 3 மீட்டர் ஷீட் 40 பாகை வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீளும் என்பதால், துளைகளைத் திருகைவிடப் பெரிதாக இட்டு, அகன்ற வாஷர் போட்டுப் பிடிக்காவிட்டால் துளையைச் சுற்றி விரிசல் விழும். அடுத்த காற்றில் அந்த விரிசல்தான் கிழிசலாகும்.

எந்த வகையானாலும் மூட்டுகளும் துருவும்தான் பந்தலின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. தூணும் உத்திரமும் சேரும் செங்கோண மூட்டு, குறுக்காக ஒரு முட்டுச்சட்டம் இல்லாவிட்டால், காற்றில் நாள்தோறும் இம்மியளவு ஆடி, போல்ட் துளையை நீள்வட்டமாகத் தேய்த்துவிடும். துளை பெரிதானதும் ஆட்டமும் பெரிதாகும். இரும்பில் துத்தநாகப் பூச்சு என்றால் இரண்டு வேறு பொருள்கள் உண்டு. உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பில் பூச்சு 50 முதல் 85 மைக்ரான் வரை படிகிறது. மின்முலாம் பூசியதில் 10 மைக்ரான் அளவே இருக்கும், அது திறந்த வெளிக்குப் போதாது. முக்கி எடுத்த குழாயைப் பிறகு வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும். ஆகவே வெல்டிங் முழுவதையும் முடித்த பிறகு முக்கி எடுப்பதும், களத்தில் போல்ட்டால் மட்டும் இணைப்பதும் நல்லது. குழாய்த் தூணின் தலையில் மூடியும் அடியில் நீர் வடியும் சிறு துளையும் வேண்டும். குழாய்த் தூண்கள் உள்ளிருந்தே துருப்பிடிப்பதற்குத் தேங்கிய நீர் முக்கியக் காரணம். மரத்தூணைக் கான்கிரீட்டில் புதைக்காமல், தரைக்கு மேல் உயர்த்திய இரும்புக் காலணியில் நிறுத்தினால் அடி மக்காது.

காற்றைப் பந்தலுக்கு வருமுன்பே தணிக்கவும் முடியும். முழுச் சுவர் எழுப்பினால் காற்று அதன்மேல் ஏறிக் குதித்து, பின்னால் சுழலாகிறது. பாதி இடைவெளியும் பாதி தடுப்பும் கொண்ட வேலியோ செடிவரிசையோ காற்றைச் சல்லடையிட்டு, தன் உயரத்தைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு தூரம்வரை வேகத்தைக் குறைக்கிறது. பந்தலைத் தாழ்வாக அமைப்பதும் உதவும், ஏனெனில் தரையை நெருங்க நெருங்கக் காற்று மெதுவாகிறது. அதோடு, நிழல் பந்தலுக்கு நேர் கீழே விழுவது சிறிது நேரமே. சூரியன் 45 பாகையில் இருக்கும்போது நிழல் பந்தலின் உயரத்துக்குச் சமமான தூரம் விலகிவிடுகிறது. உயரமான பந்தலைவிடத் தாழ்ந்த பந்தலில் நிழல் உட்காரும் இடத்துக்கு அருகிலேயே இருக்கும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிய பிறகு நான் தேர்ந்தெடுத்தது, முக்கி எடுத்த இரும்புத் தூண்களும் முட்டுச்சட்டங்களும் உள்ள திறந்த சட்டப் பந்தலும், அதன் கட்டங்களுக்குள் தனித்தனியாகக் கொக்கியில் மாட்டும் சிறு நிழல்வலைத் துண்டுகளும். எலும்புக்கூடு நிரந்தரம், துணி தேய்ந்து மாற்றப்பட வேண்டிய பொருள். இரண்டுக்கும் ஒரே ஆயுளை எதிர்பார்க்காதபோது செலவை எங்கே இட வேண்டும் என்பது தெளிவாகிவிடுகிறது. ஒரே பெரிய துணியாக இல்லாமல் துண்டுகளாக இருப்பதால் ஒருவரே கழற்ற முடிகிறது, கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வீச்சு எதிர்பார்க்கப்படுகிறது என்று அறிவிப்பு வந்தால் வலைகளைக் கழற்றிவிடுகிறேன். அதன்பின் காற்றுக்கு அங்கே பிடித்துக்கொள்ள மெல்லிய சட்டங்கள் தவிர ஒன்றுமில்லை.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். நட்டுகளை முடுக்கி முடித்ததும், ஒவ்வொரு நட்டின்மீதும் தொடங்கி அடியிலுள்ள இரும்புவரை பெயிண்டால் ஒரு நேர்க்கோடு இழுத்துவிட வேண்டும். பலத்த காற்றுக்குப் பிறகு ஏணி வைத்து ஏறி அந்தக் கோடுகளைப் பார்த்தால் போதும். கோடு உடைந்து விலகியிருக்கும் நட்டு இளகியிருக்கிறது. அதை முடுக்கி, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வரைய வேண்டும். அடுத்த காற்றிலும் அதே நட்டு இளகினால் முடுக்குவதில் பயனில்லை. அந்த மூட்டு ஆடுகிறது, அங்கே இன்னொரு முட்டுச்சட்டம் தேவைப்படுகிறது.